முடிவுறும் பூசையும் முடிவுறா ஐயமும்

உடலுக்கு வந்த நோயை ஊரார் அறிவர். மனத்துக்கு வந்த நோயை உடன் வாழ்வோரும் அறியார். காய்ச்சல் கண்டவனைப் படுக்கச் சொல்லும் உலகம், மனம் கலங்கியவனைக் கண்டால் "மனத்தை அடக்கு" என்று கூறி விலகிவிடும். திருக்கோயிலுக்கு வரும் அன்பர்களுள் இவ்வாறு கலங்கிய நெஞ்சத்துடன் வருவோர் பலர். அவர்களுள் சிலருக்கு வழிபாடே ஆறுதலாகின்றது. வேறு சிலருக்கோ வழிபாடே வேதனையாகி விடுகின்றது. இவ்வேறுபாடு ஏன் நிகழ்கின்றது என்பதையும், மூச்சுப் பயிற்சி, செபம், மூலிகை, கோயில் வாசம் ஆகியவை இதற்கு எம்மட்டும் துணை நிற்கும் என்பதையும் அறிந்துகொள்ளுதல் நலம்.

இருவகைத் துன்பம்

அச்சம் உயிர்க்குக் காவல். பாம்பைக் கண்டு அஞ்சாதவன் பிழைத்தல் அரிது. ஆயின் பாம்பு இல்லாத இடத்தும் அச்சம் நீங்காது நிற்குமாயின், நெஞ்சு படபடத்து, கை வியர்த்து, உறக்கம் கெட்டுப் பல மாதங்கள் தொடருமாயின், அது மனப்பதற்ற நோய் எனப்படும்.

மற்றொன்று மனச்சுழற்சி நோய். மருத்துவர் இதனை ஓ.சி.டி. என்று வழங்குவர். விரும்பாத எண்ணம் ஒன்று மனத்தில் மீண்டும் மீண்டும் எழும். அது தரும் துன்பத்தைத் தணிக்க ஒரு செயலை மீண்டும் மீண்டும் செய்யத் தோன்றும். செய்தவுடன் சிறிது அமைதி பிறக்கும். சற்று நேரத்தில் ஐயம் திரும்பி வரும். உலக அளவில் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவரோ இருவரோ தம் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆட்படுகின்றனர். கல்வி, செல்வம், பக்தி ஆகியவற்றின் குறைவால் இது வருவதன்று.

திருக்கோயிலில் இது எவ்வாறு தோன்றும்? நவக்கிரகத்தை ஒன்பது முறை வலம் வந்த ஒருவர், "எட்டுத்தானோ?" என்று ஐயுற்று மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவார், மூன்றாம் முறையும் ஐயுற்று நிற்பார். நிவேதனத்திற்குப் பாத்திரம் துலக்கும் அம்மையார் ஒருவர், தூய்மை போதவில்லை என்று கைத்தோல் வெடிக்கும்வரை துலக்கிக்கொண்டே இருப்பார். தீட்டுப் பட்டிருக்குமோ என்று அஞ்சி நாளில் பலமுறை நீராடுவாரும் உளர்.

இவை யாவற்றினும் கொடியது வேறொன்று. தீபாராதனை நடக்கும்பொழுதே, இறைவனைப் பழிக்கும் சொல்லோ இழிந்த காட்சியோ மனத்தில் தானே எழும். எழுந்தவுடன் அவர் நடுங்குவார். "நான் கொடும் பாவி" என்று கருதி ஒருவரிடமும் சொல்லாது மறைப்பார். நாளடைவில் திருக்கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிடுவார். இவ்வாறு வாய்திறவாமல் ஆண்டுக்கணக்கில் நைந்துபோவார் உண்டு.

எழுந்த எண்ணம் பாவமாகுமா?

இக்கேள்விக்கு நாயன்மார் வரலாறு விடை தருகின்றது. சாக்கிய நாயனார் புத்தர் வேடத்தில் இருந்துகொண்டே சிவபெருமானிடம் பேரன்பு பூண்டவர். அவர் நாள்தோறும் சிவலிங்கத்தின்மீது கல் எறிந்தார். புறத்தே காண்பார்க்கு அது பழிச்செயல். இறைவனோ அதனை மலராக ஏற்றருளினான். எறிந்தவரின் உள்ளத்தில் இருந்தது அன்பு ஆதலின்.

"அங்ஙனமாயின் பூசலார் நாயனார் மனத்திலேயே கோயில் கட்டியதை இறைவன் ஏற்றானே, மனத்தில் எழுவன யாவும் கணக்கில் வரும் அல்லவா?" என்று ஒருவர் வினவலாம். பூசலார் நாள் குறித்து, கல் அடுக்கி, விரும்பிக் கட்டியது அக்கோயில். மனச்சுழற்சி நோயுற்றவரோ, எழுந்த எண்ணத்தை வெறுத்து நடுங்குகின்றார். விரும்பி வளர்த்த நினைவு வேறு. விருப்பமின்றி வந்து மோதும் நினைவு வேறு. தும்மல் எழுந்ததற்காக எவரும் தண்டிக்கப்படுவதில்லை. நோயற்றவர் மனத்திலும் இத்தகைய எண்ணங்கள் அவ்வப்போது தோன்றுவதுண்டு என்றும், அவர்கள் அதனைப் பொருட்படுத்தாமையால் அது தானே மறைகின்றது என்றும் மனநூலார் கண்டுள்ளனர்.

பிற சமயத்தாரும் இத்துன்பத்தை நெடுங்காலமாக அறிவர். கத்தோலிக்கர் இதனைக் குறிக்க வழங்கும் சொல், கூரிய சிறு கல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. காலணிக்குள் புகுந்த கல் அடிதோறும் உறுத்துவது போல இந்த ஐயமும் உறுத்தும் என்பது கருத்து. எச்சமயமாயினும் பக்தி மிக்கவரிடத்து நோய் பக்தியின் வடிவத்தையே எடுத்துக்கொள்கின்றது. எது ஒருவருக்கு மிக அருமையோ, அதனையே அது பற்றும்.

முடிவே உரைகல்

பக்தியின் வடிவில் வந்த நோயைப் பக்தியினின்று பிரித்தறிவது எவ்வாறு? முடிவை நோக்குக. பூசைக்குத் தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. தீபம் காட்டித் திருநீறோ தீர்த்தமோ வழங்கியபின் அடியவர் நிறைவோடு இல்லம் திரும்புகின்றார். நோய் விதித்த சடங்கிற்கு முடிவில்லை, எத்தனை முறை செய்யினும் "சரியாகச் செய்தாயா?" என்றே அது கேட்கும். செய்து முடித்தபின் அமைதி நிலைத்தால் அது வழிபாடு. செய்யச் செய்ய ஐயம் வளர்ந்தால் அது நோய்.

வழிபாட்டில் பிழையே நேரக்கூடாது என்பது ஆகமத்தின் எதிர்பார்ப்பும் அன்று. ஆண்டு முழுதும் நிகழ்ந்த பூசைகளில் மந்திரத்திலோ செயலிலோ பொருளிலோ குறைவு நேர்ந்திருப்பின், அது நீங்கும்பொருட்டுத் திருக்கோயில்களில் பவித்திரோற்சவம் நடைபெறுகின்றது. சைவ வைணவத் திருக்கோயில்கள் இரண்டிலும் இவ்விழா உண்டு. நூலால் ஆகிய பவித்திர மாலைகளை இறைவனுக்குச் சாத்தி ஆண்டின் குறைகள் அனைத்திற்கும் ஒருங்கே நிறைவு காண்பர். குறை நேர்ந்ததோ என்று ஐயுற்று ஒவ்வொரு நாட்பூசையையும் எவரும் திரும்பச் செய்வதில்லை. வைத்தீசுவரன் கோயிலுக்கு அண்மையிலுள்ள திருக்கருப்பறியலூரில் இறைவனின் திருப்பெயரே குற்றம் பொறுத்த நாதர் என்பதாகும். குற்றம் பொறுப்பதைப் பெயராகவே கொண்ட பெருமான் எட்டுச் சுற்றா ஒன்பது சுற்றா என்று கணக்குப் பார்ப்பானோ?

துணைசெய்யும் வழிகள்

மூச்சு: மூச்சை உள்ளிழுக்கும்பொழுது இதயத் துடிப்பு சற்றே விரையும், வெளிவிடும்பொழுது தணியும். ஆதலின் மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல விடுதல் பதற்றத்தைக் குறைக்கும். காலையும் மாலையும் பத்து நிமிடம் போதும். மூச்சை வலிந்து அடக்குதல் பதற்றம் உடையார்க்கு ஆகாது.

செபம்: கத்தோலிக்கரின் செபமாலையையும், திபெத்தியர் ஓதும் மந்திரத்தையும் நலமுடையோர் 23 பேரைக் கொண்டு இத்தாலிய ஆய்வாளர் ஆராய்ந்து 2001-இல் முடிவை வெளியிட்டனர். இரண்டும் மூச்சின் அளவை நிமிடத்திற்கு ஏறக்குறைய ஆறாகக் குறைத்து, இதயத்தின் இயக்கத்தைச் சீராக்கின. முன்னோர் வகுத்த செபத்திற்கு இவ்வாறு உடல்வழிப் பயனும் உண்டு. ஆயினும் மனச்சுழற்சி நோயுற்றோர் ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். தீய எண்ணம் எழுந்தவுடன் அதனை அழிப்பதற்கென்று நூற்றெட்டு முறை ஓதினால், அச்செபம் நோய்க்கே உணவாகும். குறித்த நேரத்தில், குறித்த அளவில் ஓதி எழுக. இடையில் எண்ணிக்கை தவறினும் திரும்பத் தொடங்கற்க.

யோகம்: பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் யோகப் பயிற்சி மருத்துவத்தோடு இணைத்து அளிக்கப்படுகின்றது. பதற்றத்தைத் தணிப்பதில் யோகமும் நாள்தோறும் நடத்தலும் பயன் தருகின்றன. மனச்சுழற்சி நோய்க்கு யோகம் துணை மருந்தே அன்றித் தனி மருந்தன்று.

மூலிகை: சித்த மருத்துவ நூல்கள் மனநோய்களைக் கிரிகை என்று வழங்கும். அமுக்கரா, நீர்ப்பிரமி, வல்லாரை முதலியன நம் நாட்டில் நெடுங்காலம் பயன்பட்டு வருவன. அமுக்கராக் கிழங்கு மன அழுத்தத்தையும் பதற்றத்தையும் ஓரளவு குறைப்பதாகச் சிறு ஆய்வுகள் சில காட்டுகின்றன. மனச்சுழற்சி நோயை இவை தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அமுக்கரா கருவுற்றோர்க்கு ஆகாது. தைராய்டு, கல்லீரல் நோயுடையோர்க்குத் தீங்கு செய்யக்கூடும். பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம், உண்டுவரும் ஏனைய மருந்துகளையும் கூறிய பின்னரே கொள்ளத்தக்கது.

கோயில் வாசம்: திருச்சிராப்பள்ளியிலிருந்து முசிறி செல்லும் வழியில், காவிரியின் வடகரையில் குணசீலம் உள்ளது. அங்குப் பிரசன்ன வேங்கடாசலபதி செங்கோல் ஏந்திக் காட்சி தருகின்றார். மனங்கலங்கியோர் 48 நாட்கள் தங்கி வழிபடுவதும், அவர்கள் முகத்தில் தீர்த்தம் தெளிப்பதும் அங்குள்ள மரபு. அத்திருக்கோயிலைச் சார்ந்து மனநல மறுவாழ்வு மையமும் அமைந்து, இறைவழிபாட்டோடு மருத்துவர் கவனிப்பும் சேர்ந்துள்ளது.

திண்டுக்கல் மாவட்டத்தில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரைப் பற்றிய ஆய்வு 2002-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. சராசரி ஆறு வாரத் தங்கலில் அவர்களது நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அன்பும் ஆதரவும் அச்சுறுத்தலற்ற சூழலுமே இதற்குக் காரணம் என ஆய்வாளர் கருதினர். அவர்களுள் பெரும்பாலோர் மனச்சிதைவு நோயினர். ஆதலின் இம்முடிவை மனச்சுழற்சி நோய்க்கு அப்படியே ஏற்றிக் கூறலாகாது.

தங்குமிடம் அன்புடையதாக இராவிடின் விளைவது கேடு. ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் 6-8-2001 அன்று தீப்பற்றியபொழுது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியால் கட்டுவதை முற்றாகத் தடை செய்துள்ளது. இறைவன் பெயரால் ஒருவரைக் கட்டிவைத்தல் வழிபாடு ஆகாது.

நோயின் வேருக்கு மருந்து

மேற்கூறியவை மனத்தைத் தணிப்பன. மனச்சுழற்சி நோயைக் குறைப்பதில் நன்கு நிறுவப்பட்ட மருத்துவம் இரண்டு. முதலாவது நடத்தைப் பயிற்சி. 1966-இல் இலண்டனில் விக்டர் மேயர் என்னும் அறிஞர் நோயாளர் இருவருக்கு இதனை அளித்து வழிகாட்டினார். அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளச் செய்து, வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாதிருக்கப் பழக்குதல் இதன் முறை. வலம் வந்தவர் ஐயம் எழுந்தபோதும் மீண்டும் வலம் வராது வீடு திரும்புவார். முதலில் நெஞ்சு துடிக்கும். பொறுத்திருப்பின் அத்துடிப்பு தானே தணியும். பன்முறை பழகப் பழக ஐயம் வலுவிழக்கும்.

இரண்டாவது மருந்து. மூளையில் செரட்டோனின் என்னும் பொருளின் இயக்கத்தைச் சீர்செய்யும் மாத்திரைகளை மனநல மருத்துவர் அளிப்பர். இந்நோயில் பயன் தெரியப் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். இரண்டாம் வாரத்திலேயே பலனில்லை என்று நிறுத்துவதும், சற்றுத் தேறியவுடன் தாமே விடுவதும் தவறு. நோன்பு நாளிலும் மாத்திரையை விடலாகாது.

உடனிருப்போர் கடமை

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்பவற்றோடு உடனிருந்து பேணுவோனையும் சேர்த்தார். இந்நோயில் அந்நான்காமவர் கடமை நுட்பமானது. "சரியாகத்தானே செய்தேன்?" என்று நோயுற்றவர் நூறு முறை கேட்பார். இரக்கத்தால் நூறு முறை விடை கூறினால், அதுவும் நோயின் சடங்குகளுள் ஒன்றாகிவிடும். சினந்து ஏசினாலோ அவர் மேலும் ஒடுங்குவார். "ஒரு முறை கூறிவிட்டேன், இப்போது கேட்பது நீ அன்று, நோய்" என்று அன்போடு கூறி நிறுத்துதலே தக்கது. அருச்சகரிடம் வந்து பூசை பலித்ததா என்று வினவும் அன்பர்க்கும், "நிறைவுற்றது, சென்று வருக" என்னும் ஒரு விடையே போதும். புதிய பரிகாரங்களை அடுக்கினால் சுழற்சியே பெருகும்.

மருத்துவரை நாடத் தயங்குவோர் மைய அரசின் டெலி மனஸ் தொலைபேசி எண் 14416-இல் தமிழிலேயே கலந்து பேசலாம். 2022 அக்டோபர் முதல் இச்சேவை கட்டணமின்றி இரவும் பகலும் கிடைக்கின்றது. மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவப் பிரிவு உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுமாயின் ஒரு நாளும் தாமதியாது, உடனே உதவி நாடவேண்டும்.

தீபாராதனையின்போது தகாத எண்ணம் எழுந்த அன்பர் இதனை உறுதியாகக் கொள்வாராக. அவர் திருக்கோயிலை விட்டு விலக வேண்டுவதில்லை. எண்ணம் வந்தால் வரட்டும். அதனோடு வாதிடாமல், திரும்ப வணங்கத் தொடங்காமல், ஒரு முறை கைகூப்பி இல்லம் திரும்புக. மறுநாள் மருத்துவரைக் காண்க. மருத்துவரைக் காணச் செல்லும் அந்த வழியிலும் இறைவன் உடன் வருவான்.