ஒரே பெட்டியில் ரிவெர்பும் ட்ரெமலோவும்

கிட்டாருக்கு ஒரு ரிவெர்ப் பெட்டி செய்வது எளிது. ட்ரெமலோ செய்வது அதைவிட எளிது. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்து ஒரே 9 வோல்ட் அடாப்டரில் ஓட்டும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ட்ரெமலோவின் ஆஸிலேட்டர் ஒவ்வொரு சுற்றிலும் மின்வழியில் ஒரு சின்ன 'டிக்'கை விடும். தனி ட்ரெமலோ பெடலில் காது அதைப் பொறுத்துக்கொள்ளும். பக்கத்தில் ரிவெர்ப் இருந்தால் அந்த டிக்கை அது வாங்கி, நீட்டி, அறை முழுக்கப் பரப்பிவிடும். வீட்டில் எஃபெக்ட் செய்யக் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதில் பாதி இந்த டிக்கைப் பற்றியதுதான்.

இந்த இரண்டையும் சேர்த்து வைக்க ஆசைப்பட்டதற்குக் காரணம் ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்கள். ஹாமண்ட் ஆர்கனுக்காக உருவான ஸ்பிரிங் ரிவெர்பை ஃபெண்டர் 1961இல் தனிப் பெட்டியாகக் கிட்டார்காரர்களிடம் கொண்டுவந்தது. 1963இல் வந்த வைப்ரோவெர்பில் ரிவெர்பும் ட்ரெமலோவும் ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே அமர்ந்தன. மெதுவாக மீட்டிய ஒரு கார்டு அந்த அலையில் மூச்சு விடுவதைக் கேட்டால் யாருக்கும் அது வேண்டும் என்று தோன்றும்.

முதல் முடிவு, ரிவெர்ப் எங்கிருந்து வரப்போகிறது என்பது. ஸ்பிரிங் டேங்க் கிடைத்தால் அதன் ஒலிக்கு ஈடு இல்லை. ஆனால் நீள டேங்க் 17 அங்குலம். அது காலடியில் வைக்கும் பெட்டிக்குள் அடங்காது. வீட்டில் ஆம்ப்ளிஃபயருக்குள் வைத்துக்கொள்ளலாம். பழைய டேங்க் வாங்கும்போது ஒட்டியிருந்த தாள் பெரும்பாலும் அழிந்திருக்கும். 4ஏபி3சி1பி போன்ற குறியீடு தெரிந்தால் நல்லது: அதில் முதல் 4 நீள டேங்க், அடுத்த ஏ 8 ஓம் உள்ளீடு, பி 2250 ஓம் வெளியீடு, 3 நீண்ட ஒலிப்பு. தாள் இல்லையென்றால் மல்டிமீட்டரை எடுங்கள். 8 ஓம் உள்ளீட்டுச் சுருள் 1 ஓமுக்கும் குறைவாகக் காட்டும். 2250 ஓம் வெளியீட்டுச் சுருள் சுமார் 200 ஓம் காட்டும். எழுதியிருப்பது 1 கிலோஹெர்ட்ஸில் உள்ள இம்பீடன்ஸ், மீட்டர் காட்டுவது கம்பியின் வெறும் ரெசிஸ்டன்ஸ். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல டேங்கைக் கெட்டதென்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. டேங்கின் வெளியீட்டு முனையை டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிர்ப்பக்கமாக வையுங்கள். அந்தச் சுருள் காந்தப் புலத்தின் ரீங்காரத்தை அப்படியே பிடிக்கும்.

சின்னப் பெட்டிக்கு நான் தேர்ந்தது பெல்டன் பிரிக் என்ற கட்டி. அதற்குள் இருப்பவை மூன்று பிடி2399 சிப்கள். கரோக்கி மைக் எக்கோ போர்டுகளில் இருக்கும் அதே சிப்தான், சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பிரிக் கிடைக்காவிட்டால் மூன்று சிப்பை வாங்கி நீங்களே கட்டலாம். ஒவ்வொன்றும் சுமார் 30 முதல் 340 மில்லி விநாடி வரை ஒலியைத் தாமதிக்கும்; 6ஆம் காலிலிருந்து தரைக்குப் போகும் ரெசிஸ்டர்தான் அந்த நேரத்தைத் தீர்மானிக்கிறது. அது 2 கிலோ ஓமுக்குக் கீழே போக வேண்டாம். போனால் மின்சாரம் வந்தவுடன் சிப் உறைந்து நின்றுவிடலாம். மூன்றுக்கும் ஒரே நேரத்தையோ, ஒன்றுக்கொன்று இரட்டிப்பான நேரங்களையோ கொடுக்காதீர்கள். பெருக்கல் வாய்பாட்டுக்குள் சிக்காத நேரங்களாக, எல்லாம் குறைந்த பக்கமாக வைத்தால்தான் தகரத்தைத் தட்டிய ஓசை வராமல் ஓர் அறையின் ஓசை வரும். கிட்டாரின் நேரடி ஒலியைச் சிப் வழியாக விடவே விடாதீர்கள். அது ஆப்-ஆம்பில் மட்டும் பயணித்து, கடைசியில் ரிவெர்போடு கலக்கட்டும்.

ட்ரெமலோவுக்குப் பல வழிகள் இருந்தாலும் எனக்குப் பிடித்தது எல்இடியும் எல்டிஆரும் முகம் பார்த்து நிற்கும் வழி. ஃபெண்டரின் பிளாக்ஃபேஸ் ஆம்ப்ளிஃபயர்களில் நியான் பல்பும் எல்டிஆரும் செய்த வேலை இதுவே. எல்டிஆரின் ரெசிஸ்டன்ஸ் வெளிச்சத்தில் சட்டென்று இறங்கும், இருளில் தயங்கித் தயங்கி ஏறும். அந்தத் தயக்கம்தான் இந்த ட்ரெமலோவின் அழகு. சிக்னல் 22 கிலோ ஓம் வழியாக வரட்டும். அந்த முனையிலிருந்து எல்டிஆர் தரைக்கு. எல்இடி எரியும்போது ஒலி அமுங்கும். காட்மியம் சல்ஃபைடு எல்டிஆருக்குப் பச்சை நிறத்தின் மீதுதான் கண் அதிகம், ஆகவே பச்சை எல்இடி வாங்குங்கள். பிரகாசமான ரகமென்றால் 1 அல்லது 2 மில்லி ஆம்பியரே போதும். ஒரே பையிலிருந்து எடுத்த எல்டிஆர்கள் கூட ஒன்று போல் இருக்காது. சிலவற்றை வாங்கி, கையால் மூடித் திறந்து மீட்டரில் பார்த்து, வேகமாக இருளும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கருப்பு ஹீட்-ஷ்ரிங்க் குழாய்க்குள் போட்டு முனைகளை ஒளி புகாமல் அடைக்க வேண்டும். மூடியைத் திறந்து வைத்துச் சோதிக்கும்போது மட்டும் ரீங்காரம் வந்தால் தலைக்கு மேல் எரியும் டியூப் லைட்டைச் சந்தேகப்படுங்கள். பழைய சோக் வைத்த விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். அதை எல்டிஆர் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆஸிலேட்டருக்கு ஒரு டிஎல்062 போதும். ஒரு பாதி ஷ்மிட் ட்ரிகர், மறு பாதி இன்டெக்ரேட்டர். 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர், 47 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு தொடராக 500 கிலோ ஓம் பாட், ட்ரிகரின் இரண்டு ரெசிஸ்டர்கள் 1:2 விகிதத்தில் என்று வைத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 1 முதல் 10 துடிப்பு வரை கிடைக்கும். ஆழத்தைக் கூட்டினால் மொத்த ஒலி குறைந்தது போலத் தோன்றும் என்பதால், எல்டிஆருக்குப் பிறகு ஒரு ட்ரிம்பாட் வைத்துக் கொஞ்சம் கெயின் ஏற்றும் வசதி வேண்டும். இது இல்லாத பெடலை மேடையில் அழுத்தினால் கிட்டார் பின்வாங்கிவிடும்.

இனி அந்த டிக். ட்ரிகர் பாதியில் ஒரு சதுர அலை எப்போதும் ஓடுகிறது. அது ஒவ்வொரு முறை புரளும்போதும் மின்சாரத்தை ஓர் இழுப்பு இழுக்கிறது. டிஎல்062 குறைவான கரண்ட் எடுத்து, மெதுவாகப் புரளும் சிப் என்பதால்தான் அதை அங்கே வைக்கச் சொல்கிறேன். ஒலிப் பாதைக்கு டிஎல்072 இருக்கட்டும். அடாப்டரிலிருந்து வரும் 9 வோல்ட்டை உள்ளே நுழைந்த இடத்திலேயே மூன்றாகப் பிரியுங்கள். ஒலிப் பாதைக்கு 100 ஓமும் 100 மைக்ரோஃபாரடும். ஆஸிலேட்டருக்கு 220 ஓமும் 470 மைக்ரோஃபாரடும். ரிவெர்புக்கு 7805 வழியாக 5 வோல்ட். மூன்றின் தரைக் கம்பிகளும் தனித்தனியே வந்து டிசி ஜாக்கில் ஒரே புள்ளியில் சேர வேண்டும். பலர் தவறவிடுவது 4.5 வோல்ட் ரெஃபரன்ஸ். ஒலிக்கும் ஆஸிலேட்டருக்கும் ஒரே ரெஃபரன்ஸைக் கொடுத்தால், வேறு எத்தனை ஃபில்டர் போட்டாலும் டிக் நேராக ஒலிக்குள் வந்து நிற்கும். இரண்டு 10 கிலோ ஓம், ஒரு 47 மைக்ரோஃபாரட், இவ்வளவுதான் செலவு. இரண்டு செட் போட்டுவிடுங்கள்.

அதற்குப் பிறகும் டிக் கேட்டால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. எல்டிஆருக்கும் எல்இடிக்கும் இடையே இருப்பது வெளிச்சம் மட்டும், கம்பி கிடையாது. ஆகவே ஆஸிலேட்டரின் மின்வழியையும் தரையையும் கழற்றிவிட்டு, அதை மட்டும் தனியாக ஒரு 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கிட்டார் உள்ளீட்டைத் தரையோடு இணைத்து, ரிவெர்பை முழுக்கத் திறந்து கேளுங்கள். டிக் மறைந்தால் குற்றவாளி மின்வழி அல்லது தரை. மறையாவிட்டால் ஏதோ ஒரு கம்பி ஆஸிலேட்டர் பக்கம் உரசிக்கொண்டு போகிறது. பெரும்பாலும் உள்ளீட்டு ஜாக்கின் கம்பிதான். 1 மெகா ஓம் முனை என்பதால் காற்றில் வருவதையும் பிடித்துக்கொள்ளும். அதை ஷீல்டு வயராக மாற்றி, பெட்டியின் எதிர்ச் சுவரை ஒட்டிக் கொண்டுபோங்கள்.

எது முன்னால், எது பின்னால் என்பதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. ட்ரெமலோவுக்குப் பின் ரிவெர்ப் வந்தால், அலையின் பள்ளங்களை ரிவெர்பின் வால் நிரப்பிவிடும். இதமாக இருக்கும், ஆனால் துடிப்பு மங்கிவிடும். ரிவெர்ப் முதலில், ட்ரெமலோ கடைசியில் என்றால் அறையும் சேர்ந்து துடிக்கும். பிளாக்ஃபேஸ் ஃபெண்டர்களின் வரிசை அதுதான், நானும் அதன் பக்கம்தான். நான்சி சினாட்ரா 1966இல் பாடிய 'பேங் பேங்'கில் பில்லி ஸ்ட்ரேஞ்சின் ட்ரெமலோ கிட்டார் மட்டுமே குரலோடு வருகிறது. துடிப்பின் ஆழம் எவ்வளவு இருக்கலாம் என்று அறிய அதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் வரிசையை மாற்ற ஒரு 3பிடிடி சுவிட்ச் வைத்துவிடுங்கள், இடம் அதிகம் பிடிக்காது. ரிவெர்பின் கால் சுவிட்சை வெளியீட்டில் வைக்காமல், ஒலி பிரிக்குக்குள் நுழையும் இடத்தில் வையுங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் ஏற்கனவே எழுந்த ஒலி இயல்பாக அடங்கும்.

பெட்டி அலுமினியமாக இருக்கட்டும். எவர்சில்வர் டப்பாவில் வீட்டு டிரில்லால் 12 மில்லிமீட்டர் துளை போடுவது பெரும்பாடு.

கடைசியாக வேகக் குமிழைச் சுற்றிக் குறியிடுங்கள். பாடலின் தாளம் நிமிடத்துக்கு 90 அடி என்றால், திஸ்ர நடையில் அடிக்கு 3 வீதம் விநாடிக்கு 4.5 துடிப்பு, சதுஸ்ரத்தில் 4 வீதம் 6 துடிப்பு. வழக்கமாக வாசிக்கும் பாடல்களுக்கு இதைக் கணக்கிட்டு, மெட்ரோனோமோடு வைத்துப் பார்த்து, மார்க்கரால் புள்ளி வைத்துவிட்டால் மேடை இருட்டிலும் தடவித் தேட வேண்டியதில்லை. வேகத்தைக் குறைக்கும்போது ஆழத்தையும் ஒரு நூல் குறையுங்கள். மெதுவான அலையில் எல்டிஆருக்கு முழுசாக இருள நேரம் கிடைத்துவிடுவதால், ஆழக் குமிழைத் தொடாமலேயே ஆழம் கூடிவிடும்.