உத்தரவு ஊர் போய்ச் சேரட்டும்

அன்புள்ள தங்கைக்கு,

சட்ட உதவி அமைப்பொன்றில் தகவல் தொடர்புப் பொறுப்பை ஏற்கப்போவதாக எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ந்தேன். தீர்ப்பு நாளில் நீதிமன்ற வாசலுக்கு மைக்குகளை வரவழைப்பதுதான் இந்த வேலை என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். அது ஒரு மணி நேர வேலை. அந்தத் தீர்ப்பு யாருக்காக வந்ததோ, அவர் அதைத் தெரிந்துகொண்டு உரிமையோடு கேட்கிறவரை உன் பொறுப்பு தீராது.

ஓர் உதாரணம் பார். 2001-ல் ராஜஸ்தானில் வறட்சி. இந்திய உணவுக் கழகக் கிடங்குகளில் தானியம் குவிந்துகிடக்க, ஊர்கள் பட்டினி கிடந்தன. பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நவம்பர் 28 அன்று வந்த இடைக்கால உத்தரவு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட சமைத்த மதிய உணவை ஆண்டுக்கு 200 நாளாவது தரச் சொன்னது. 1982 முதல் சத்துணவு கண்ட தமிழ்நாட்டவரான நமக்கு இது புதிதில்லை. ஆனால் பல மாநிலங்களில் அதுவரை தானியத்தை அளந்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பியதோடு சரி.

இவ்வளவும் எல்லோரும் சொல்வது. அதே உத்தரவில் இன்னொரு பகுதி இருக்கிறது, அதைத் தேடிப் படி. உத்தரவை அந்தந்த மாநில மொழியில் பெயர்த்து ஊராட்சிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் ரேஷன் கடைகளிலும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். தூர்தர்ஷனும் வானொலியும் அதைப் பரப்ப வேண்டும் என்கிறது. உரிமை தாளில் எழுதப்பட்டால் போதாது, ரேஷன் வரிசையில் நிற்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே கருதியிருக்கிறது. நம் தொழிலுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை நான் பார்த்ததில்லை.

தருமபுரி மாவட்டத்து மலைவாழ் மக்களின் ஊரான வாச்சாத்தியின் வழக்கையும் படி. 1992 ஜூனில் அங்கே 18 பெண்கள் அரசு ஊழியர்களால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் அந்த வழக்கைத் தூக்கிச் சுமந்தது. தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றபோது 2011 ஆகிவிட்டது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்திருந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023-ல். வாய்தாவுக்கும் வாய்தாவுக்கும் நடுவே பத்திரிகைகள் மறந்துபோகும் வருடங்களில் வழக்கை நினைவூட்டிக்கொண்டே இருக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீதான்.

ஆனால் நினைவூட்டுவதற்காகப் பாதிக்கப்பட்டவரின் முகத்தைச் செலவழிக்காதே. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். அவர் இறந்துபோயிருந்தாலும் வெளியிடக்கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெயரை மறைத்துவிட்டு ஊர், தெரு, பள்ளி என்று எழுதினால் அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடுவார்கள். நிதி தருகிறவர்கள் கண்ணீர்ப் படம் கேட்பார்கள். முடியாது என்று சொல்லும் அதிகாரத்தை வேலையில் சேரும் முன்பே கேட்டு வாங்கிக்கொள். மற்ற வழக்குகளிலும் கட்சிக்காரர் இன்று தந்த சம்மதத்தை நாளை திரும்பப் பெறலாம். பெற்றால் படத்தை அன்றே எடுத்துவிடு.

வக்கீல்களோடு உட்காரப் பழகு. நோட்டீஸ் அனுப்ப உத்தரவானதை வெற்றி என்று அறிவிக்காதே. தடை ஆணையைத் தீர்ப்பு என்று எழுதாதே. உத்தரவின் நகலை நீயே படித்த பிறகு அறிக்கை போகட்டும். தாமதமானால் ஆகட்டும். நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றிய ஒரு வாக்கியம் அவமதிப்பு வழக்கில் கொண்டுபோய் விடலாம். வழக்கறிஞர்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்ள பார் கவுன்சில் விதி இடம் தராது. ஆகவே போஸ்டரில் அவர்கள் படம் வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். சேர்ந்ததும் இந்த ஆண்டின் பட்ஜெட்டைக் கேள். பிரஸ் மீட்டுக்குப் பணம் ஒதுக்கியிருப்பார்கள். வந்த உத்தரவை எளிய தமிழில் இரண்டு பக்கமாக அச்சடித்து, வழக்குத் தொடுத்தவர்களின் ஊருக்கே கொண்டுபோய் வாசித்துக்காட்டவும் பணம் ஒதுக்கச் சொல். மறுத்தால் விடாமல் கேள்.

அன்புடன்,
அண்ணன்