கூடத்தில் ஏன் இவ்வளவு மங்கல்?

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில், கேம்பல் லேனில், இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. நான்கு மாடிக் கட்டடம். 2015ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் அது திறக்கப்பட்டது. அதன் முகப்பு வட இந்தியாவின் பழைய படிக்கிணறுகளை நினைவூட்டும் வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளது. பகலில் கண்ணாடி முகப்பு வெயிலில் பளபளக்கும். இருட்டிய பிறகு உள்ளே விளக்கு எரியும்போது, கண்ணாடிக்குப் பின்னால் உள்ள சுவரோவியம் தெருவில் நடப்பவர்களுக்கும் தெரியும்.

தேசிய அரும்பொருளகத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய இடம். ஒரு சமூகத்தின் கதையைச் சொல்வதற்கென்றே அமைந்த அரும்பொருளகம். நிரந்தரக் காட்சிக்கூடத்தில் செட்டிநாட்டு வீடு ஒன்றின் மர வாயில்நிலை நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அந்த நிலையில் ஏறத்தாழ 5,000 சின்னஞ்சிறு செதுக்கு வேலைப்பாடுகள் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். எண்ணிப் பார்க்க முயலும் மாணவர்கள் பாதியிலேயே விட்டுவிடுவார்கள்.

இத்தகைய கூடங்களுக்குள் முதன்முறையாக நுழையும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே சந்தேகம்தான் எழும்: “ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது? விளக்கைக் கூட்டி வைத்தால் நன்றாகப் பார்க்கலாமே!” சிக்கனத்திற்காகவோ அழகிற்காகவோ அப்படி வைத்திருக்கிறார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மைக் காரணம் வேறு. அதைப் புரிந்துகொள்ள ஒரு சேலையைப் பின்தொடர்ந்து போவோம்.

ஒரு குடும்பம் தன் பாட்டியின் கல்யாணப் பட்டுச்சேலையைச் சிறிய அரும்பொருளகம் ஒன்றுக்கு இரவலாகக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டி இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. சேலை அவருடைய இரும்பு அலமாரியில், பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கிடந்தது. கூடவே இரண்டு பாச்சை உருண்டைகள்.

சேலை வந்து சேர்ந்ததும் முதலில் காட்சிக்குப் போகாது. அதைப் பெரிய மேசையில் விரித்து அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார்கள். எந்த இடத்தில் கறை, எந்த மடிப்பில் சரிகை அறுந்திருக்கிறது, ஓரத்தில் எத்தனை ஓட்டை என்பதையெல்லாம் எழுதிப் படமும் எடுத்துக்கொள்வார்கள். இதற்கு நிலை அறிக்கை என்று பெயர். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் இதே அறிக்கையை மீண்டும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த அறிக்கையை நம்பித்தான் குடும்பத்தார் கையெழுத்துப் போடுகிறார்கள்.

அடுத்து, பூச்சி. நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. துணியிலும் தாளிலும் பூஞ்சணம் பிடிக்கும், வெள்ளிப்பூச்சி அரிக்கும். ஒரு சேலையில் பூச்சி முட்டை இருந்தாலும் போதும், பக்கத்துப் பேழையில் இருக்கும் எல்லாத் துணிகளுக்கும் ஆபத்து. ஆகவே ஐயம் இருந்தால், துணிப்பொருள்களை நெகிழி உறையில் காற்றுப் புகாதபடி மூடி, சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் குளிரில் ஒரு வாரத்துக்கும் மேலாக வைத்திருப்பார்கள். மீன் வைக்கும் உறைபெட்டியைப் போன்ற ஒன்றில் பட்டுச்சேலை இருப்பதைக் கற்பனை செய்ய வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் மருந்து தெளிப்பதைக் காட்டிலும் இது துணிக்கும் மனிதருக்கும் பாதுகாப்பானது.

கையுறை விவகாரமும் பலருக்குத் தெரியாது. திரைப்படங்களில் பழைய நூலைத் தொடும் அறிஞர் எப்போதும் வெள்ளைக் கையுறை அணிந்திருப்பார். உண்மையில், தாளைத் தொடும்போது நன்றாகக் கழுவி உலர்த்திய வெறுங்கையே பல சமயம் நல்லது. தடித்த கையுறை அணிந்தால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாமல் கிழிந்துவிடும். ஆனால் வெள்ளி, பித்தளை, சரிகை போன்றவற்றில் வியர்வை பட்டால் கறுத்துவிடும். அவற்றுக்குக் கையுறை கட்டாயம்.

இனி, விளக்குக்கு வருவோம்.

ஒளியின் அளவை லக்ஸ் என்னும் அலகால் குறிப்பிடுகிறோம். நண்பகல் வெயில் 100,000 லக்ஸ் வரை போகும். படிப்பதற்கு ஏற்ற வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். துணி, தாள், நீர்வண்ண ஓவியம், பழைய புகைப்படம் ஆகியவற்றுக்கு அரும்பொருளகங்கள் பொதுவாக அனுமதிக்கும் அளவு 50 லக்ஸ்தான். எண்ணெய் வண்ண ஓவியங்கள் சற்று உறுதியானவை. அவற்றுக்கு 200 லக்ஸ் வரை தருவார்கள். கல்லுக்கும் உலோகத்திற்கும் இந்தக் கவலை பெரிதாக இல்லை. அதனால்தான் ஒரே கூடத்தில் வெண்கலச் சிலை வெளிச்சத்திலும் அதன் அருகே உள்ள துணி அரைகுறை இருளிலும் இருக்கும்.

ஒளி பட்டால் சாயம் வெளுக்கும் என்பது வீட்டில் துணி காயப்போடும் எவருக்கும் தெரியும். பலர் அறியாத செய்தி வேறொன்று: வெளுப்பு சேர்ந்துகொண்டே போகும், ஒருபோதும் திரும்பாது. காயம் ஆறுவதுபோல, விளக்கை அணைத்து வைத்தால் நிறம் மீண்டு வராது. ஆகையால் ஒளியைக் காப்பாளர்கள் ஒரு செலவுக் கணக்காகவே பார்க்கிறார்கள். 50 லக்ஸ் ஒளியில், நாளுக்கு 8 மணி நேரம், 150 நாள்கள் ஒரு சேலையைக் காட்சிக்கு வைத்தால் அது பெறும் ஒளி 60,000 லக்ஸ் மணி. வகுப்பறை அளவுக்கு, அதாவது 500 லக்ஸ் ஒளியில் வைத்தால், அதே 60,000 லக்ஸ் மணியை அச்சேலை 15 நாள்களிலேயே பெற்றுவிடும். மாணவர்கள் கேட்டபடி விளக்கைக் கூட்டினால், ஐந்து மாதங்களில் நேரும் வெளுப்பு இரண்டு வாரங்களில் நேர்ந்துவிடும் என்பது இதன் பொருள்.

பழைய சேலையை விரித்துப் பார்த்தால் இதைக் கண்கூடாகக் காணலாம். அலமாரியில் வெளிப்பக்கமாக இருந்த மடிப்பின் நிறம் ஒன்று. உள்ளே மறைந்திருந்த பகுதியின் நிறம் இன்னொன்று. பாட்டிமார்கள் இதை எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை. ஆயினும் பட்டை வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தினார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி மடித்து வைத்தார்கள். ஒரே இடத்தில் மடிந்து கிடந்தால் சரிகை முறியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அரும்பொருளகம் மடிப்பதற்குப் பதிலாக, அமிலமற்ற தாள் சுற்றிய உருளையில் சேலையைச் சுருட்டி வைக்கிறது. நோக்கம் ஒன்றே.

கூடத்தின் மங்கலுக்குக் கண் பழகச் சில நிமிடங்கள் ஆகும். வெயிலிலிருந்து நேராக உள்ளே வருபவருக்கு 50 லக்ஸ் இருட்டாகத் தோன்றுவது இயல்பு. நன்கு திட்டமிட்ட கூடங்களில் வெளிச்சத்தை ஒவ்வொரு கட்டமாகக் குறைத்திருப்பார்கள். அவசரமாக ஓடுபவர்கள் மட்டும்தான் ஒன்றும் தெரியவில்லை என்று குறைகூறிக்கொண்டு வெளியே வருவார்கள்.

இந்த ஒளிக் கணக்கினால்தான் சிறப்புக் கண்காட்சிகள் சில மாதங்களில் முடிந்துவிடுகின்றன. சிறிய அரும்பொருளகத்திற்கு இது ஒருவகையில் நன்மை. பெரிய சேகரிப்பு இல்லாவிட்டாலும், ஒவ்வொரு முறையும் ஒரு சமூகத்தை அணுகி, அவர்களுடைய வீட்டுப் பொருள்களை இரவல் பெற்றுப் புதிய கதையைச் சொல்ல முடிகிறது. இந்திய மரபுடைமை நிலையம் 2018இல் மலாக்கா செட்டிகளைப் பற்றிய கண்காட்சியை அச்சமூகத்தினருடன் சேர்ந்து நடத்தியது. மலாக்காவுக்கு வணிகம் செய்ய வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து, அங்கேயே தங்கிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். இந்து சமயத்தைப் பின்பற்றுகிறார்கள். வீட்டில் மலாய் மொழி பேசுகிறார்கள். பெண்கள் சாரோங்கும் கெபாயாவும் உடுத்துகிறார்கள். அவர்களைப் பற்றிய நூல்கள் குறைவு. ஆகவே அவர்கள் வீடுகளிலிருந்த உடைகளும் நகைகளும் புகைப்படங்களுமே முதன்மைச் சான்றுகள். அவற்றைக் கொடுக்க அவர்கள் மறுத்திருந்தால், எவ்வளவு பணம் இருந்தாலும் அந்தக் கண்காட்சியை நடத்தியிருக்க முடியாது.

பழம்பொருள்கள் நடுவே இன்றைய கலைஞர்களின் படைப்புகளுக்கு இடம் உண்டா என்பது இன்னொரு கேள்வி. 2016இல் அதே நிலையம் லிட்டில் இந்தியாவின் கடந்த காலத்தைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தியபோது, பழைய பொருள்களோடு தற்காலக் கலைஞர்களின் ஆக்கங்களையும் வைத்தது. அவர்களில் ஒருவர் கிள்ளானில் பிறந்த குமாரி நாகப்பன். தேசிய அரும்பொருளகத்தின் வெளியே நிற்கும் மாபெரும் சிவப்பு மிளகாய்ச் சிற்பம் அவருடையது. சாகா மரத்தின் சிவப்பு விதைகளையும் அவர் தம் கலைக்குப் பயன்படுத்தி வருகிறார். பள்ளித் திடலில் நாம் பொறுக்கி விளையாடும் அதே விதைதான். தமிழில் அதற்கு மஞ்சாடி என்று பெயர். ஏறத்தாழ ஒரே எடையில் இருப்பதால், பொற்கொல்லர்கள் அதைத் தராசில் எடைக்கல்லாக வைத்தார்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது அவர்கள் கணக்கு. பங்கேற்ற மற்றொருவர், தாய்லாந்தின் சியாங் மாய் நகரைச் சேர்ந்த, இந்திய வம்சாவளியினரான நவின் ராவன்சைக்குல். திரைப்பட விளம்பரப் பலகைகளைப் போன்ற பெரிய ஓவியங்களில் சாதாரண மக்களின் முகங்களை வரைபவர் அவர்.

பழம்பொருளைப் பார்க்க வந்தவர்களுக்கு இத்தகைய படைப்புகள் குழப்பத்தைத் தரலாம். ‘இதற்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு?’ என்று கேட்பதிலும் தவறில்லை. ஆனால் வெறும் தராசை மட்டும் பார்ப்பவர் அதைக் கடந்து போய்விடுவார். விதைகளை ஒரு கலைஞர் குவித்து வைத்திருப்பதைப் பார்த்தபின் அதே தராசைப் பார்ப்பவர், அதில் எதை வைத்து நிறுத்தார்கள் என்று யோசிப்பார். பொருளைப் பற்றிய கேள்வியை எழுப்புவதில் ஓவியரும் சிற்பியும் சில வேளைகளில் காப்பாளரைவிடத் திறமைசாலிகள்.

இப்போது பாட்டியின் சேலைக்குத் திரும்புவோம். அதன் அருகே வைக்க ஒரு குறிப்பு அட்டை வேண்டும். நின்றுகொண்டே படிப்பவர்களுக்காக எழுதுவது என்பதால் ஐம்பது, அறுபது சொற்களுக்குள் முடிக்க வேண்டும். ‘பட்டுச்சேலை, சரிகை வேலைப்பாடு, 1950கள்’ என்று எழுதிவிடலாம். அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அப்படி எழுதினால், அதை உடுத்தியவர் யாருமே இல்லாததுபோல் ஆகிவிடும். பழைய நிழற்படங்களில் இந்தக் குறையை அடிக்கடி காண்கிறோம்: நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஆணின் பெயர் இருக்கும், அருகே நிற்கும் பெண்ணுக்கு ‘மனைவி’ என்ற சொல் மட்டும் இருக்கும்.

ஆகவே காப்பாளர் குடும்பத்தாரிடம் கேட்கிறார். பேசப் பேச ஒரு செய்தி வெளிவருகிறது. அந்தச் சேலை கடன் வாங்கி எடுத்தது. துறைமுகத்தில் வேலை செய்த பாட்டியின் தந்தை, கல்யாணம் முடிந்து நான்கு ஆண்டுகள் அந்தக் கடனை அடைத்தார். “அதை எழுத வேண்டாம். ஊரார் பார்க்கும் இடத்தில் நம் தாத்தாவின் கடனை ஏன் சொல்ல வேண்டும்?” என்கிறார் மூத்த பேரன். “அண்ணே, அதுதானே இந்தச் சேலையின் கதை! அதைச் சொல்லாவிட்டால் கடையில் தொங்கும் சேலைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?” என்கிறார் அவர் தங்கை.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வரலாற்றுக்குப் பயன்படுவது தங்கையின் சொல்தான். அக்காலத் தொழிலாளர் குடும்பங்கள் எப்படிக் கல்யாணம் நடத்தின என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடும். ஆனால் அந்தச் சேலை அரும்பொருளகத்தின் சொத்து அன்று. அந்தக் கதையும் அன்று. குடும்பம் ஒப்பாமல் அதை அட்டையில் அச்சிட்டால், அடுத்த கண்காட்சிக்கு அந்தத் தெருவில் யாரும் அலமாரியைத் திறக்க மாட்டார்கள். காப்பாளர் இரண்டு வரைவுகளை எழுதி அனுப்புகிறார். ஒன்றில் கடன் இல்லை. மற்றொன்றில், ‘இச்சேலையின் விலையைத் துறைமுகத் தொழிலாளியான ஒரு தந்தை நான்கு ஆண்டுகள் உழைத்துச் செலுத்தினார்’ என்று இருக்கிறது. கடன் என்ற சொல் அதில் இல்லை.

மூத்த பேரன் இரண்டாவது வரைவை இரண்டு நாள்கள் வைத்திருந்தார். பிறகு ஒரே ஒரு திருத்தத்தோடு திருப்பி அனுப்பினார். ‘ஒரு தந்தை’ என்பதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் தாத்தாவின் பெயரை எழுதியிருந்தார்.

கண்காட்சி முடிந்ததும் நிலை அறிக்கையை மீண்டும் எடுத்து, கறையையும் ஓட்டையையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். புதிதாக எதுவும் இல்லை. சேலை வீட்டுக்குத் திரும்பியபோது உருளையில் சுருட்டப்பட்டிருந்தது. பழைய அலமாரியில் உருளை நுழையவில்லை. அதனால் இப்போது அது தங்கையின் வீட்டில், கட்டிலுக்கு அடியில், வெயில் படாத பக்கமாக இருக்கிறது.