எடைக்குப் போடக் கூடாத இரும்பு

2010 ஏப்ரல் மாதம். டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் வேலை பார்த்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தோல் கருகியது, முடி கொட்டியது. ஒருவர் இறந்தே போனார். காரணம், டெல்லி பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் 1985-லிருந்து சும்மா கிடந்த ஒரு கருவி. 'பழசு' என்று ஏலத்தில் விட்டுவிட்டார்கள். கடையில் அதைப் பிரித்தபோது உள்ளே இருந்தது கோபால்ட்-60.

இருபத்தைந்து வருஷம் ஓடாத கருவிதானே என்று நினைக்காதீங்க. கோபால்ட்-60-ன் வீரியம் பாதியாகவே ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். மிச்சமிருந்ததே உயிரை எடுத்தது.

இத்தனைக்கும் சட்டம் அப்போதே இருந்தது. 1962-ம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் கீழ் 1987-ல் வந்த விதிகள்படி, அனுமதி பெறாமல் யாரும் கதிரியக்கக் கழிவை அகற்றவோ, இன்னொருவருக்குக் கைமாற்றவோ கூடாது. அனுமதி தருவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். ஆஸ்பத்திரியோ, தொழிற்சாலையோ, கல்லூரியோ, வாங்கியவர்தான் பொறுப்பு. வேலை முடிந்த கதிரியக்க மூலத்தை சப்ளை செய்தவரிடமோ, அனுமதி பெற்ற மையத்திடமோ திருப்பி ஒப்படைக்க வேண்டும். மருத்துவக் கழிவு விதிகளும் மின்னணுக் கழிவு விதிகளும் இதற்குப் பொருந்தாது. அதனால் குப்பை வண்டியிலும் போடக் கூடாது, இ-வேஸ்ட் எடுப்பவரிடமும் கொடுக்கக் கூடாது.

கிளினிக் நடத்துபவரா நீங்கள்? எக்ஸ்ரே மெஷினுக்குள் கதிரியக்கப் பொருள் கிடையாது, மின்சாரம் நின்றால் கதிரும் நின்றுவிடும். ஆனாலும் அதைச் சத்தமில்லாமல் விற்க முடியாது. இனி இயங்காதபடி செய்து, வாரியத்தின் 'இ-லோரா' இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும்.

தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின்-131 எடுத்துக்கொண்டவர் வீட்டில் இருந்தால் பயப்பட வேண்டாம். அதன் வீரியம் எட்டு நாளில் பாதியாகிவிடும். வார்டு கழிவுநீரை ஆஸ்பத்திரியே தனித்தொட்டியில் தேக்கி, வீரியம் குறைந்த பிறகுதான் வெளியே விடும். வீட்டுக் கழிப்பறை, துணி பற்றி டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பதை அப்படியே செய்தால் போதும்.

காயலான் கடையிலோ குப்பைமேட்டிலோ மஞ்சள் பின்னணியில் மூன்று இறக்கை போட்ட சின்னம் கண்ணில் பட்டால்? சின்னதாக இருந்தும் தூக்க முடியாத கனமா? ஈயப் பெட்டியாக இருக்கலாம். தொடாதீங்க, திறக்காதீங்க, பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்காதீங்க. 'ரேடியேஷன் மீட்டர்' என்று போனில் கிடைக்கும் ஆப்களையும் நம்ப வேண்டாம், பல ஆப்கள் காந்தப்புலத்தைத்தான் அளக்கின்றன. தள்ளிப்போய், மற்றவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லி, 112-க்கு அழையுங்கள். 'கதிரியக்கச் சின்னம் இருக்கு' என்று தெளிவாகச் சொல்லுங்கள். முன்பே யாராவது தொட்டிருந்தால் கையை சோப்புப் போட்டுக் கழுவி, அதிகாரிகள் வரும்வரை அங்கேயே தள்ளி இருக்கட்டும். வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிவிட வேண்டாம்.