நீச்சல்குளத்திலிருந்து தூக்கியதும்...

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு பக்கம் அபார்ட்மென்ட்டுக்கு அபார்ட்மென்ட் நீச்சல்குளம். மூழ்கியவரைத் தூக்கியதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்ப்பார்கள். குழந்தையென்றால் தலைகீழாக உலுக்குவார்கள். தயவுசெய்து வேண்டாம். வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும்.

கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லையென்றால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். நீங்கள் மூழ்கியவரை மல்லாக்கப் படுக்கவைத்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் 2 முறை ஊதுங்கள். நெஞ்சு மேலெழும்ப வேண்டும். மூழ்கியவருக்குக் குறைவது ஆக்சிஜன், அதனால்தான் மூச்சுக்கு முதலிடம். பிறகு நெஞ்சின் நடுவே, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில், பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் 30 அழுத்தம். மறுபடி 2 மூச்சு. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். ஏஇடி (இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும்) கருவி இருந்தால், அதன் பட்டைகளை ஒட்டுமுன் ஈர நெஞ்சைத் துண்டால் துடையுங்கள். கண் திறந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.