பத்து-ஒன்பது-எட்டுக்குப் பிறகு
(மூன்றாமாண்டு, இயந்திரவியல் பிரிவு)



நான் தினமும் காலேஜுக்கு வரும்போது ஒரு ஊரில் பஸ் மாறவேண்டும். அந்த பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடை. அங்கே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பையனுக்குப் பன்னிரண்டு வயது. ஏறக்குறைய ஒரு வருஷம் அவன் கையால் டீ வாங்கிக் குடித்திருக்கிறேன். "தம்பி, ரெண்டு ஸ்ட்ராங்" என்று மற்றவர்களைப் போல நானும் கூவியவன்தான். அவன் பெயரையோ ஊரையோ இங்கே எழுதவில்லை. அடையாளம் வெளியாகக்கூடாது என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு சொல்கிறது.

ஒரு நாள் அவன் கையில் வெந்நீர் பட்டுத் தோல் உரிந்திருந்தது. "ஸ்கூலுக்குப் போகலியாடா?" என்று கேட்டேன். "போனா கடன் யாரு குடுப்பா?" என்றான். அன்று இரவு 1098-க்குப் போன் செய்தேன்.

இந்த எண்ணைப் பற்றி நம்மில் பலருக்குப் போஸ்டரில் பார்த்த அளவுதான் தெரியும். 1996-இல் மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஒரு முயற்சியாகத் தொடங்கி, பிறகு நாடு முழுக்கப் பரவியது. பல ஆண்டுகள் தொண்டு நிறுவனங்கள் வழியாக நடந்து வந்ததை 2023-இல் அரசே எடுத்துக்கொண்டது. எதிர்முனையில் பேசிய பெண் என் பெயரை வற்புறுத்திக் கேட்கவில்லை. கடை எங்கே, பையனுக்கு என்ன வயசிருக்கும், இப்போது ஆபத்து ஏதும் உண்டா என்றுதான் கேட்டார்.

மறுநாளே தொழிலாளர் துறை, போலீஸ், ஹெல்ப்லைன் ஆட்கள் சேர்ந்து வந்தார்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கடையில் வேலைக்கு வைப்பது குற்றம். 2016-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அபராதம் மட்டுமே 20,000 முதல் 50,000 ரூபாய் வரை போகும். பையனை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தினார்கள். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள் கொண்ட இந்தக் குழுவுக்கு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் உண்டு. விசாரணை முடியும்வரை அவனை ஒரு இல்லத்தில் தங்க வைத்தார்கள். எனக்கு ஒரே பெருமை. பஸ்ஸில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன் என்பதையும் ஒளிக்கவேண்டியதில்லை.

மூன்றாம் நாள் அவன் அம்மா பஸ் ஸ்டாண்டில் என் சட்டையைப் பிடித்துவிட்டார். ஹெல்ப்லைன்காரர்கள் என்னைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் பையனிடம் விசாரித்ததைப் பார்த்த பூக்கடைக்காரம்மாதான் சொல்லியிருக்கிறார். "நல்லது பண்றேன்னு எம்புள்ளைய ஜெயில்ல போட்டுட்டியே தம்பி! உனக்கு என்ன பாவம் பண்ணினோம்?" அது ஜெயில் இல்லை, இல்லம் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. எப்படி ஏறும்? அதை அவரிடம் உட்கார்ந்து விளக்க வேண்டியவர்கள் யாரும் அதுவரை விளக்கியிருக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்துக் குழு அவனை அம்மாவிடமே ஒப்படைத்தது. குடும்பத்தோடு வளர்வதுதான் முதல் வழி, இல்லம் கடைசி வழி என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. அத்தோடு எல்லாம் சுபம் என்று நினைத்தேன். மூன்று வாரத்தில் அதே ஊரின் இன்னொரு தெருவில், ஒரு பஞ்சர் கடையில் அவனைப் பார்த்தேன்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கிறது. அவனை மறுபடி வேலைக்கு அனுப்பிய கெட்டவர் என்று யாரும் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் அவரவர் வேலை முடிந்திருந்தது. தொழிலாளர் துறைப் பதிவேட்டில் அவன் மீட்கப்பட்டவன். குழுவின் ஃபைலில் ஒப்படைக்கப்பட்டவன். பள்ளியின் கணக்கில் மட்டும் அவன் இல்லவே இல்லை. பழைய பள்ளி வேறு மாவட்டத்தில். "டி.சி. வாங்கிட்டு வாங்க" என்று அம்மாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பள்ளியில் சேராததால் போனஃபைடு சர்டிபிகேட் இல்லை. அது இல்லாமல் நிதி ஆதரவுக்கான மனுவை ஒரு அலுவலகத்தில் வாங்கவில்லை. விதவை ஓய்வூதியத்துக்குப் போனால் கணவரின் இறப்புச் சான்று கேட்டார்கள். அவர் இறந்தது வெளியூரில். ஒரு சான்று இன்னொன்றைக் கேட்க, அது மூன்றாவதைக் கேட்க, அந்தம்மா நான்கு நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்து, ஐந்தாம் நாள் பையனைப் பஞ்சர் கடையில் விட்டிருக்கிறார்.

நம் வெல்டிங் லேபில் தகடு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஜாயின்ட்தான் விட்டுப்போகும் இல்லையா? அதே கதைதான்.

வெட்கத்தோடு மறுபடி 1098-ஐ அழைத்தேன். இந்த முறை மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒரு சமூகப் பணியாளர் அக்கா வந்தார். அவர் புதிதாக எந்தத் திட்டத்தையும் கொண்டுவரவில்லை. முதலில் அந்தம்மாவின் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். அப்போதுதான் டீக்கடைக்காரரிடம் எட்டாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கியிருந்த விஷயம் வெளியே வந்தது. "இத ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்றதற்கு, "யாரும் கேக்கலியேம்மா" என்றாராம். நியாயமான பதில். அவரிடம் கையெழுத்து வாங்கிய எந்தப் படிவத்திலும் கடனுக்கு ஒரு கட்டம் இல்லை. முன்பணத்துக்கு ஈடாக வேலை வாங்கினால் அது 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தில் வரும். அந்தக் கடனே செல்லாது. ஆனால் அதை விசாரிக்க வேண்டியது வருவாய்த் துறை. அவர்களுக்கு யாரும் தகவலே சொல்லியிருக்கவில்லை.

அக்கா எல்லாத் தாளையும் ஒரே ஃபைலில் போட்டார். கடிதம் எழுதிக் காத்திருக்காமல் ஒவ்வொரு இடத்துக்கும் போன் போட்டு, ஒருவர் சொன்னதை அடுத்தவருக்குச் சொன்னார். தலைமையாசிரியரிடம் அவர் எடுத்துக் காட்டியது கல்வி உரிமைச் சட்டம் 2009. டி.சி. வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று அதன் 5-ஆவது பிரிவில் இருக்கிறது. தலைமையாசிரியர் நல்ல மனிதர், தெரிந்ததும் அன்றே சேர்த்துக்கொண்டார். மறுநாள் போனஃபைடு கிடைத்தது. அதை வைத்து நிதி ஆதரவு மனு போனது. 2022-இல் வந்த மிஷன் வாத்சல்யா நெறிமுறைப்படி மாதம் 4,000 ரூபாய். முடிச்சில் ஒரு நுனி கிடைத்ததும் மற்றவை தானாகத் தளர்ந்தன. முன்பண விஷயம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனதும் டீக்கடைக்காரர் கடனைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

"நீங்க இல்லேன்னா என்னக்கா ஆகியிருக்கும்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "என் கையில இப்ப இந்த மாதிரி நிறைய ஃபைல் இருக்கு தம்பி. எல்லா வீட்டு அடுப்படியிலயும் உட்கார எனக்கு நேரம் இல்ல" என்றார்.

ஆகவே நண்பர்களே, இப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் போன் செய்யுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் வைப்பதற்கு முன், இனி இதை யார் கவனிப்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தத் தெருப் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். நான் முதல் முறை அதைச் செய்யவில்லை. பஞ்சர் கடையில் அவனைப் பார்த்ததுகூட, அன்று பஸ் லேட் ஆனதால் சும்மா நடந்தபோதுதான்.

பையன் இப்போது ஏழாம் வகுப்பு. கணக்கில் பின்தங்கியிருக்கிறான், சனிக்கிழமைகளில் நான் கொஞ்சம் சொல்லித் தருகிறேன். இறப்புச் சான்று வந்துவிட்டது. விதவை ஓய்வூதிய மனு இன்னும் தாலுகா ஆபீஸில் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை அந்தம்மா அங்கே போகிறார். "நீயும் வர்றியா தம்பி?" என்று கேட்டார். மெஷின் டிராயிங் லேபுக்கு லீவு சொல்லியிருக்கிறேன்.