தொடங்க மறுக்குங் கணினி

முன்னாளிலே மாணவனொருவனுடைய உழைப்பு அவனுடைய கொப்பிகளில் இருந்தது. கொப்பி நனைந்தால் வெயிலில் உலர்த்தலாம். தாள் கிழிந்தால் ஒட்டலாம். இந்நாளிலோ மாணவருடைய ஒப்படைகளும், ஆசிரியருடைய பாடக்குறிப்புகளும், கல்லூரி அலுவலகத்தின் பதிவேடுகளும் பெரும்பாலும் கணினியினுள்ளே அடங்கிவிட்டன. அக்கணினி ஒருநாட் காலையிலே தொடங்க மறுக்குமாயின், அதனுள்ளே இருந்தவையெல்லாம் ஒழிந்தன என்றே பலர் எண்ணிக் கலங்குகின்றனர். அவ்வெண்ணம் பெரும்பாலும் பிழையானது. அப்பிழையான எண்ணத்தினாற் செய்யப்படும் பரிகாரமோ பலவேளைகளில் நோயினுங் கொடியதாய் முடிகின்றது. இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதுதற்கு எம்மைத் தூண்டிய நிகழ்ச்சியொன்று உண்டு. எமது நண்பரொருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தம் ஊரிலே கமக்காரரிடை வழங்குஞ் சொற்களை மூன்றாண்டுகளாகத் திரட்டிக் கணினியில் எழுதிவந்தார். 2022ஆம் ஆண்டிலே நாடெங்கும் நீண்ட மின்வெட்டு நிலவிய காலத்தில், ஒருநாள் மாலை அவருடைய கணினி மென்பொருள் இற்றைப்படுத்தலொன்றைச் செய்துகொண்டிருக்கையில் மின்சாரம் நின்றுபோயிற்று. மறுநாட் கணினி தொடங்கவில்லை. நீலத்திரை தோன்றுவதும் மறைவதுமாக இருந்தது. அவர் எம்மிடம் யோசனை கேட்டார். நாமும், அறிந்தவர்போல, திருத்துமிடமொன்றிற் கொடுக்கும்படி கூறினோம். அங்கே வன்றட்டை முற்றாக அழித்து, விண்டோசைப் புதிதாக இட்டுக் கொடுத்தனர். கணினி தொடங்கிற்று, மூன்றாண்டு உழைப்புப் போயிற்று. கோப்புகளை முதலிற் பிரதிசெய்யவேண்டுமென நண்பர் அங்கே சொல்லவுமில்லை. சொல்லும்படி நாம் அவருக்கு அறிவுறுத்தவுமில்லை. பின்னர் இத்துறையைச் சிறிது கற்றபோது, அவ்வன்றட்டை அழிக்கவேண்டிய தேவை பெரும்பாலும் இருந்திராது என்பதை உணர்ந்தோம். அப்பிழையில் எமக்கும் பங்குண்டு. இனி ஒருவருக்கேனும் அவ்வாறு நேராதிருத்தல்வேண்டும்.

தொடக்கம் என்பது யாது?

இல்ல விளையாட்டுப் போட்டியிலே அஞ்சலோட்டத்தை நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். ஒருவர் ஓடிக் கோலை அடுத்தவர் கையிற் கொடுக்கின்றார். அவர் அடுத்தவரிடங் கொடுக்கின்றார். இடையில் ஒருவர் கோலைத் தவறவிட்டால், எஞ்சியோர் எத்துணை வலிமையுடையராயினும் ஓட்டம் நின்றுவிடும். கணினி தொடங்குவதும் இத்தகையதே.

ஆளியை அழுத்தியவுடன் முதலில் ஓடுவது தாய்ப்பலகையிலே பதிந்திருக்கும் நிரலாகும். 1981ஆம் ஆண்டிலே வெளிவந்த ஐ.பி.எம். தனியாட் கணினியில் அது பயோஸ் எனப்பட்டது. இக்காலக் கணினிகளில் அதனிடத்தை யு.இ.எவ்.ஐ. என்பது கொண்டுள்ளது. அது நினைவகம், விசைப்பலகை, வட்டு முதலியவற்றைச் சோதித்து, வட்டிலுள்ள தொடக்க முகாமையாளரிடங் கோலைக் கொடுக்கின்றது. முகாமையாளர் பணிசெயல் முறைமை இருக்குமிடத்தைக் குறிப்பேடொன்றிற் பார்த்து, அம்முறைமையின் கருப்பகுதியை நினைவகத்தில் ஏற்றுகின்றது. அதனோடு, சாதனங்களை இயக்குஞ் சிறு நிரல்களாகிய இயக்கிகளும் ஏற்றப்படுகின்றன. அதன்பின்னரே எமது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படுகின்றன. ஈற்றிலே, தொடக்கத்தில் தாமே எழும்படி வைக்கப்பட்ட சிறு மென்பொருள்கள் ஒவ்வொன்றாய் எழுகின்றன.

ஆகவே, கணினி தொடங்கவில்லை என்று வாளா கூறுதல் போதாது. எவ்விடத்தில் நின்றது என்று நோக்குதல்வேண்டும். கணினியைச் செய்தாருடைய சின்னமே தோன்றவில்லையாயின், பழுது பெரும்பாலும் வன்பொருளில் உள்ளது. சின்னந் தோன்றியபின் பணிசெயல் முறைமை காணப்படவில்லை என்ற செய்தி வருமாயின், முகாமையாளரையோ வட்டையோ ஐயுறுதல்வேண்டும். வட்டப்புள்ளிகள் சுழன்றபின் நீலத்திரை வருமாயின், இயக்கிகளையும் முறைமைக் கோப்புகளையும் ஐயுறுதல்வேண்டும். உட்புகுந்தபின் ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லை எனுஞ் செய்திமாத்திரம் வருமாயின், பழுது மிகச் சிறியது. இந்நிலைகள் பலவற்றில் எமது கோப்புகள் வட்டிலே பழுதுறாது இருக்கின்றன. அவற்றுக்குச் செல்லும் வழியே அடைபட்டிருக்கின்றது. வட்டே பழுதாயினமட்டும் நிலை வேறாகும்.

இற்றைப்படுத்தல் தொடக்கத்தைக் கெடுப்பது எவ்வாறு?

ஓடுகின்ற வண்டியின் சில்லைக் கழற்றி மாற்றுதல் இயலாது. அதுபோலவே, பயன்பாட்டிலுள்ள முறைமைக் கோப்புகள் பலவற்றைக் கணினி இயங்கும்போது மாற்றுதல் இயலாது. ஆதலால் விண்டோஸ் புதிய கோப்புகளை ஒருபுறத்தே ஆயத்தமாக வைத்து, இன்ன கோப்பின் இடத்தில் இன்ன கோப்பை வைக்கவேண்டும் எனக் குறித்துக்கொண்டு, கணினி அணைந்து மீளத் தொடங்கும் வேளையில் அவ்வேலையை முடிக்கின்றது. கணினியை அணைக்கவேண்டாம் எனத் திரையில் எச்சரிக்கப்படுவது அவ்வேளையிலேயாம். அப்போது மின்சாரம் நின்றால், சில கோப்புகள் புதியனவாகவுஞ் சில பழையனவாகவும் நிற்கும். பெரும்பாலும் முறைமை இதனைத் தானே உணர்ந்து, செய்த மாற்றங்களை மீட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகின்றது. அம்மீட்சியுந் தவறும்போதே எமது உதவி வேண்டப்படுகின்றது.

தடையின்றி முடிந்த இற்றைப்படுத்தலுங் கேடு விளைத்தல் உண்டு. 2024ஆம் ஆண்டு யூலை 19ஆந் திகதி நிகழ்ந்தது அதற்குத் தக்க சான்று. கிரௌட்ஸ்ட்ரைக் எனும் அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அன்று, இலங்கை நேரப்படி முற்பகல் 9.39 மணிக்கு, சிறு கோப்பொன்றைத் தன் வாடிக்கையாளரின் கணினிகளுக்கு அனுப்பிற்று. அக்கோப்பைக் கையாளும் நிரல் இருபத்தொரு உள்ளீடுகளை எதிர்பார்த்தது. அதற்கு இருபதே கொடுக்கப்பட்டன. இல்லாத இருபத்தோராவதைத் தேடி அந்நிரல் நினைவகத்திலே தனக்குரியதல்லாத இடத்தை வாசிக்க முற்பட்டது. அது முறைமையின் கருவோடு சேர்ந்து இயங்கும் இயக்கியாதலால், முறைமை முழுவதும் வீழ்ந்தது. மீளத் தொடங்கும்போதும் அதே இயக்கி அதே கோப்பை வாசித்ததனால், கணினிகள் எழுவதும் வீழ்வதுமாய் இருந்தன. எழுபத்தெட்டு நிமிடங்களில் அக்கோப்பு மீளப்பெறப்பட்டது; எனினும் அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சங் கணினிகள் பாதிக்கப்பட்டன என மைக்ரோசொவ்ற் நிறுவனம் மதிப்பிட்டது. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் வங்கிகளும் இடருற்றன.

இத்துணைப் பெரிய கேட்டுக்கு அன்று கூறப்பட்ட பரிகாரம் யாது? கணினியைக் காப்புநிலையிலே தொடக்கி, குறித்த கோப்புறையிலிருந்து அவ்வொரு கோப்பை நீக்கி, மீளத் தொடக்குதல் என்பதே. வன்றட்டை அழிக்கவேண்டியதில்லை. ஆனால் வட்டு மறையாக்கஞ் செய்யப்பட்ட கணினிகளில் உட்புகுதற்கு நாற்பத்தெட்டு இலக்க மீட்புத் திறவுகோல் வேண்டியதாயிற்று. அதனை முன்னரே குறித்துவைக்காதோர் பெரிதும் இடர்ப்பட்டனர். கடைசியாகப் புகுந்த மாற்றத்தைக் கண்டு, அதனைமாத்திரம் நீக்குதலே பரிகாரத்தின் உயிர்நிலை என்பது இந்நிகழ்ச்சியாற் பெறப்படும்.

பரிகார முறை

இனி, இத்தகைய இடர் நேர்ந்தவிடத்துச் செய்யவேண்டியவற்றை வரிசையாகக் கூறுவாம். சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்லுதலே முறை.

முதலாவது, பொறுத்தல். இற்றைப்படுத்தலின்போது திரை நெடுநேரம் அசையாதிருப்பினும், வட்டின் சிறு விளக்கு மின்னிக்கொண்டிருக்குமாயின் வேலை நடைபெறுகின்றது என்க. பழைய கணினிகளில் இதற்குச் சில மணிநேரமுஞ் செல்லும்.

இரண்டாவது, புறத்தே பொருத்திய சேமிப்புக் கோல், அச்சுப்பொறி முதலியவற்றைக் கழற்றிவிட்டு மீளத் தொடக்கிப் பார்த்தல்.

மூன்றாவது, மீட்புச் சூழலுக்குட் புகுதல். விண்டோஸ் அடுத்தடுத்து இருமுறை தொடங்கத் தவறினால், அச்சூழல் பெரும்பாலும் தானே தோன்றும். ‘ட்ரபிள்ஷூட்’ என்பதனுள்ளே மேலதிகத் தெரிவுகளைத் திறந்தால் வேண்டிய கருவிகள் காணப்படும். ‘ஸ்டார்ட்அப் ரிப்பெயர்’ தொடக்கத்துக்குரிய கோப்புகளைச் சோதித்துத் திருத்த முயலும். அது பயன்படாவிடின், ‘அன்இன்ஸ்டோல் அப்டேற்ஸ்’ என்பதனாற் கடைசியாகப் புகுந்த இற்றைப்படுத்தலை நீக்கலாம். பெரும் பதிப்பு மாற்றமாயின், வழக்கமாகப் பத்து நாள்களுக்குள்ளேயே பழைய பதிப்புக்குத் திரும்பலாம். ஆதலால் தாமதித்தல் ஆகாது. முன்னரே மீட்புப் புள்ளி அமைத்திருந்தால், ‘சிஸ்ரம் ரெஸ்ரோர்’ முறைமையை அந்நாளின் நிலைக்குக் கொண்டுசெல்லும். எமது ஆவணங்களை அது தீண்டாது.

நான்காவது, ‘சேவ் மோட்’ எனப்படுங் காப்புநிலை. இதில் இன்றியமையாத இயக்கிகள்மாத்திரம் ஏற்றப்படுகின்றன. காப்புநிலையிலே தொடங்குங் கணினி வழக்கமான நிலையிலே தொடங்காதாயின், குற்றம் பின்னர்ச் சேர்க்கப்பட்ட இயக்கியிலோ மென்பொருளிலோ உள்ளது என ஓரளவு துணியலாம். உட்புகுந்தபின், அண்மையிற் சேர்ந்ததை நீக்குதல்வேண்டும். கணினி வழக்கம்போலத் தொடங்கியதும், கட்டளைச் சாளரத்திலே முதலில் ‘டிஸ்ம்’ எனுங் கருவியாற் கோப்புக் களஞ்சியத்தைச் செப்பஞ்செய்து, பின்னர் ‘எஸ்.எவ்.சி.’ எனுங் கருவியால் முறைமைக் கோப்புகளைச் சோதித்தல் நன்று. களஞ்சியம் பழுதாயிருப்பின் அதிலிருந்து எடுக்கப்படுங் கோப்பும் பழுதாயிருக்குமாதலால் இவ்வரிசை வேண்டப்படுகின்றது.

இவையாவும் பயன்படாதவிடத்தே விண்டோசை மீள இடுதல்பற்றி எண்ணலாம். அப்போதும், கோப்புகளை வைத்துக்கொண்டு முறைமையைமாத்திரம் புதுக்குந் தெரிவு உண்டு என்பதை மறத்தலாகாது. அதற்கு முன்னர், வட்டைக் கழற்றி வேறொரு கணினியிற் பொருத்தியோ, சேமிப்புக் கோலிலிருந்து லினக்ஸைத் தொடக்கியோ கோப்புகளைப் பிரதிசெய்துகொள்ளுதல் கட்டாயம். மறையாக்கப்பட்ட வட்டாயின் இதற்கும் மீட்புத் திறவுகோல் வேண்டும். எமது நண்பரின் கணினிக்கு இவ்வொன்றைச் செய்திருந்தாலும் அச்சொற்கள் பிழைத்திருக்கக்கூடும்.

எஞ்சிநிற்குஞ் செய்தி

சிலவேளைகளிற் கணினி நன்கு தொடங்கும். ஆயினும் ஒவ்வொரு நாளும், இன்ன கோப்பைக் காணவில்லை எனுஞ் சிறு பெட்டியொன்று திரையில் எழும். மென்பொருளொன்றின் இற்றைப்படுத்தல் பாதியில் நின்றபோது பழைய கோப்பு நீங்கியிருக்கும். அதனை எழுப்பும்படி எழுதிய குறிப்போ தொடக்கப் பட்டியலில் எஞ்சியிருக்கும். வேலையை விட்டுச் சென்றவருடைய பெயரை இடாப்பில் நாடோறும் அழைப்பது போன்றது இது. பணி முகாமையாளரிலே தொடக்கப் பட்டியலைத் திறந்து அக்குறிப்பை நிறுத்தலாம். அன்றி, அம்மென்பொருளை முற்றாக நீக்கி, ஆக்கியோரின் தளத்திலிருந்தே மீளப் பெற்று இடலாம். காணாமற்போன கோப்பை இலவசமாகத் தருவோம் என்னும் அறியாத தளங்களிலிருந்து பெறுதல் கூடாது. கோப்போடு கேடுஞ் சேர்ந்து வரும்.

முற்காப்பு

இவற்றைக் கேட்டோர், இற்றைப்படுத்தாமலே இருந்துவிடலாமே என எண்ணக்கூடும். அது தகாது. 2017ஆம் ஆண்டு மே மாதத்திலே ‘வனாக்கிரை’ எனும் நச்சுநிரல் உலகெங்குங் கணினிகளைப் பூட்டிப் பணங் கேட்டது. அது புகுந்த வழியை அடைக்கும் இற்றைப்படுத்தல் அதே ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளிவந்திருந்தது. இடாதோரே பெரிதும் அல்லலுற்றனர்.

ஆகவே, இற்றைப்படுத்துக, ஆயத்தத்தோடு இற்றைப்படுத்துக. முக்கியமான கோப்புகளுக்கு இரண்டு பிரதிகளேனும் வைத்து, அவற்றுள் ஒன்றை வேறிடத்தில் வைத்தல்வேண்டும். மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதிப் பேணுதல்வேண்டும். மின்கலம் இல்லாத மேசைக் கணினிக்குத் தடையில்லா மின்வழங்கி வேண்டும். பரீட்சைக்கோ ஒப்படை கையளிப்பதற்கோ முதனாள் இற்றைப்படுத்தலைத் தொடங்குதல் ஆகாது.

இன்று அயலிலே ஒருவருடைய கணினி பழுதுற்றால், முதலில் அழைக்கப்படுவோர் எமது மாணவரே. அவர்களுக்கு நாம் கூறுவது இதுவே: ஆளியில் விரலை வைக்குமுன், “இதிலுள்ளவற்றுக்கு வேறு பிரதி உண்டா?” என்று கேளுங்கள். இல்லையெனின், கணினியைத் தொடக்குதல் இரண்டாவது வேலை. உள்ளிருப்பதைக் காத்தல் முதலாவது வேலை.

எமது நண்பர் சொற்களை மீண்டுந் திரட்டத் தொடங்கியுள்ளார். முன்னர்ச் சொல்லிக்கொடுத்த முதியோருட் சிலர் இப்போது இல்லை. இம்முறை அவர் கணினியில் எழுதுவதைக் கிழமைதோறும் பிரதிசெய்து எம்மிடம் ஒன்று தருகின்றார்; கொப்பியிலும் எழுதிவருகின்றார்.